சபாபதி சார் கேட்காத சைரன்

ரிமோட் லாக் மாட்டுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கப் போவதில்லை. எந்த ஒயர் எங்கே போக வேண்டும் என்று கிட்டோடு வரும் தாளிலேயே படம் போட்டிருக்கிறான். அது புரியாவிட்டால் செல்போனில் யாராவது ஒரு தம்பி கதவைக் கழற்றிக் காட்டுகிறார். என்னைவிடச் சுத்தமாகவே கழற்றுகிறார். அவர் கழற்றுவது அவருடைய கார், நீங்கள் கழற்றப்போவது அடுத்தவனுடைய கார் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

தொழிலை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். இத்தனை வருஷம் நான் மாட்டிய ஒயர்களில் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை. மாட்டச் சொன்ன ஆட்கள்தான் நினைவில் நிற்கிறார்கள். வண்டிக்காரர்கள் பொய் சொல்வார்கள் என்று புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் குறைப்பட்டுக் கொள்வதைக் கேட்டிருக்கிறேன். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வண்டிக்காரர் உண்மையைத்தான் சொல்வார், தன் காதில் விழுந்த அளவுக்கு. மிச்சத்தைக் கண்டுபிடிப்பதற்குத்தான் நம்மை வைத்திருக்கிறார்கள்.

என் கடை மந்தாரக்குப்பத்தில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. வீடு வடக்குத்தில். ஆரம்பத்தில் லாரி, டிராக்டர், ஜீப் என்று ஹாரனும் டைனமோவும்தான் வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப்புக்குள் குவார்ட்டர்ஸுக்கு குவார்ட்டர்ஸ் கார் வர ஆரம்பித்தது. வாங்கியவர்களுக்கு ஒரே ஒரு சங்கடம், போவதற்கு இடம் இல்லை. ஆபீஸ் சைக்கிள் மிதிக்கிற தூரம், ஸ்கூல் நடக்கிற தூரம், மார்க்கெட்டுக்குக் காரில் போனால் நிறுத்தத் தோது கிடையாது. ஆகவே அந்த ஊரில் காரை ஓட்டியதைவிடப் பூட்டியதுதான் அதிகம்.

அந்த நேரம் பார்த்து ரிமோட் வந்தது. பட்டனை அழுத்தினால் ‘குய்க்’ என்று ஒரு சத்தம், நான்கு பக்கமும் விளக்கு ஒரு தடவை கண்ணடிக்கும். காசு அந்தச் சத்தத்துக்குத்தான், பூட்டுவது இலவசம். கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது வாசலுக்கு வந்து, வண்டி பூட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டு உள்ளே போனவரை எனக்குத் தெரியும். ஏன் அந்த நேரத்தில் என்று கேட்டால், அப்போதுதான் வாசலில் ஆள் நிறைய நிற்கிறார்கள் என்றார். நல்ல மனிதர், மறைக்கவில்லை.

சபாபதி சார் கதைக்கு வருவதற்கு முன்னால், நான் தொழில் கற்ற இடத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பண்ருட்டியில் ஒரு லாரி எலக்ட்ரீஷியனிடம் இருந்தேன். அவர் பேரை எழுதினால் என்னைக் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன். ஒரு நாள் பலாப்பழ லோடு ஏற்றுகிற லாரி டிரைவர் ஒருவர் வந்து, ஹாரன் தானாக அடிக்கிறது என்றார். ஷெட்டில் வைத்துப் பார்த்தால் அடிக்கவில்லை. ஒயரைப் பிரித்துக் கட்டி அனுப்பினோம். திரும்பி வந்தார். ரிலே மாற்றி அனுப்பினோம். அதற்கும் திரும்பி வந்தார். மூன்றாவது தடவை என் குரு ஸ்பானரைத் தொடவே இல்லை. லாரியில் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து கடலூர் வரைக்கும் போய் வந்தார். இறங்கியதும் கிளீனரைக் கூப்பிட்டு, வழியில் டிரைவரிடம் கதை கேட்காதே என்று சொன்னார். டிரைவர் கதை சொன்னால் கையை வீசிச் சொல்லுகிற ஆள். கதை சூடு பிடிக்கிற இடத்திலெல்லாம் முழங்கை ஹாரனில் பட்டிருக்கிறது. என்னிடம், “ரிப்பேர் இருக்கற எடத்துக்கு நாமதாண்டா போவணும், அது நம்ம எடத்துக்கு வராது” என்றார். எனக்கு அன்றைக்குச் சிரிப்புதான் வந்தது.

சபாபதி சார் கணக்குப் பிரிவில் சூப்பிரண்டெண்டாக இருந்தவர். எப்போதும் ஜெனரல் ஷிப்ட். காலையில் போய் மாலையில் வருகிற வேலை. அவர் மனைவி டீச்சர். காலையில் இருவரும் புறப்பட்டுவிட்டால் சாயங்காலம் வரை வீடு பூட்டியே கிடக்கும். சார் ஆபீஸுக்கு மொபெட்டில் போவார். வெள்ளைக் கார் வீட்டுக்குப் பக்கத்தில், அவரே தகரம் போட்டுக் கட்டிய ஷெட்டில் உறை போர்த்திக்கொண்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை உறையை எடுத்துத் துடைத்து, கோயிலுக்கோ கடலூருக்கோ ஒரு நடை ஓட்டிவந்து, மறுபடி துடைத்துப் போர்த்திவிடுவார்.

ரிமோட்டும் சைரனும் சேர்ந்த கிட் ஒன்றைக் கையோடு வாங்கிக்கொண்டுதான் வந்தார். நான் மாட்டி முடித்ததும், “பூனை ஏறினாலும் கத்தணும் பாய்” என்றார்.

பூனை காரைத் திருடாது சார் என்றேன்.

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். பயம் பூனையால் இல்லை. ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட அடுத்த வீட்டில் ஒரு மெஷின் ஆபரேட்டர் இருக்கிறார். காலையில் சுரங்கத்திலிருந்து வருகிறவர் வேலியோரம் நின்று காரைப் பார்க்கிறார். ஒரு நாள் என்றால் சரி, பல நாள் பார்க்கிறார். “பார்வை சரியில்ல பாய்” என்று முடித்தார்.

புதுக் காரைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்காமல் யார் பார்ப்பார்கள் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதிர்வு சென்சாரில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதை முழுக்கத் திருப்பினேன். பானெட்டில் விரலால் தட்டினால்கூட சைரன் அலறியது. சார் மூன்று தடவை தட்டினார், மூன்று தடவை ரிமோட்டை அழுத்தி நிறுத்தினார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நாள் கழித்து, மத்தியான நேரத்தில் ஒருவர் கடை வாசலில் வந்து நின்றார். உயரமான ஆள், கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. பகலிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாக நின்றார். பிறகு, “பாய், சபாபதி சார் வண்டிக்கு மாட்டனது நீங்கதானுங்களா?” என்று கேட்டார். அவர்தான் அந்த அடுத்த வீட்டுக்காரர், லூர்துசாமி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அண்ணன் என்றே கூப்பிட்டேன்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுரங்கத்தில் மெஷினால் கடிக்க முடியாத பாறை வந்தால் வெடி வைத்து உடைப்பார்கள். சாப்பாட்டு நேரத்தை ஒட்டி, பகலில். டவுன்ஷிப்பில் அந்தப் பக்கத்து பிளாக்கில் இருக்கிறவர்களுக்கு அது பழகிப்போன விஷயம். தரை ஒரு தடவை லேசாக அதிரும், ஜன்னல் கண்ணாடி சிணுங்கும், பேசிக்கொண்டிருக்கிற பேச்சை யாரும் நிறுத்த மாட்டார்கள். ஆனால் பூனைக்கே கத்தச் சொல்லி வைத்திருக்கிற சைரன் பூமி அதிர்ந்தால் சும்மா இருக்குமா? பிடித்துக்கொள்கிறது. கொஞ்ச நேரம் அலறிவிட்டு நிற்கிறது. நின்ற மறு நிமிஷம் மறுபடி அலறுகிறது.

ஏன் மறுபடி என்பது அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சைரனும் சென்சாரும் ஒரே தகரத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. சைரன் போடுகிற சத்தத்தில் தகரம் அதிர்கிறது, அந்த அதிர்வை சென்சார் திருடன் என்று நினைத்துக்கொள்கிறது. வெடி எப்போதோ முடிந்திருக்கும், வண்டி தன் சத்தத்துக்குத் தானே பயந்து கத்திக்கொண்டிருக்கும். நிறுத்த ரிமோட் வேண்டும். ரிமோட் சாரோடு ஆபீஸில் இருக்கும்.

சாரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்லியிருக்கிறார். சார் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லையே என்றிருக்கிறார். அது சத்தியமான வார்த்தை. கத்துகிற நேரத்தில் அவரும் இல்லை, அவர் மனைவியும் இல்லை. அவர்கள் வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை வெடி கிடையாது. ஊரெல்லாம் கேட்கிற சைரன் அதன் சொந்தக்காரர் காதில் மட்டும் விழவே இல்லை.

“நைட்டு முடிச்சி வந்து பசங்கள இஸ்கோலுக்கு அனுப்பிட்டுப் படுக்கறேன் பாய். கண்ணு அசந்து வர்ற நேரம் அது. அதோட சரி. அப்புறம் படுத்துகினு முகட்டப் பாத்துகினு கெடக்கறதுதான்.” சொல்லும்போதே அவருக்குக் கொட்டாவி வந்தது. ஏற்கெனவே ஒரு ராத்திரி மெஷின் கேபினில் தலை சாய்ந்திருக்கிறார். மேலே இருந்த ஆபீசர் நல்லவர், மெமோ கொடுத்ததோடு விட்டார். இன்னொரு தடவை என்றால் மெஷினிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

“எறக்குனா எறக்கட்டும் பாய், அது இல்ல பயம். கீழ ஆளுங்க வேல செஞ்சிகினு இருக்காங்க. நான் ஒரு நிமிசம் கண்ண மூடுனா, நான் மட்டும் போவ மாட்டேன்.”

அதற்குப் பிறகு அவர் வந்த காரியத்தைச் சொன்னார். சார் ஆபீஸ் போன நேரத்தில் என்னைக் கூட்டிப் போகிறார். ஒரே ஒரு ஒயர். வெட்டிவிட்டால் சாருக்குத் தெரியவே தெரியாது, எப்படியும் அவர் கேட்கிற சத்தம் இல்லையே.

தம்பிகளே, இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. கையில் கட்டிங் பிளேயரும் இருந்தது. ஆனால் சொந்தக்காரன் இல்லாத நேரத்தில் ஒருத்தன் காரில் கை வைத்தால் அதற்குப் பிறகு நமக்கும் திருடனுக்கும் ஸ்பானர் சைஸில்தான் வித்தியாசம். தவிர, நாளைக்கு அந்தக் காரில் ஒரு குண்டூசி காணாமல் போனாலும் பழி யார்மேல் விழும் என்பது சார் சொன்ன அன்றைக்கே எனக்குத் தெரியும். முடியாதண்ணே, வேறு வழி பார்க்கிறேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. வழி பார்க்கிறேன் என்று சொல்லுகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார் போலிருந்தது. தலையாட்டிவிட்டு சைக்கிளை எடுத்தார், ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார். அந்தத் தூக்கக் கலக்கத்தில் ஏறிப் போயிருந்தால்தான் எனக்குப் பயமாக இருந்திருக்கும்.

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை சபாபதி சாரே வந்தார். கார் ஸ்டார்ட் ஆகவில்லை, தள்ளித்தான் கிளப்பினாராம். வாரம் முழுக்க அசையாமல் நிற்கிற வண்டியில் பேட்டரி எப்படி இறங்கும் என்பது அவர் கேள்வி. பதிலையும் அவரே வைத்திருந்தார். யாரோ நல்ல பேட்டரியைக் கழற்றிக்கொண்டு பழையதை வைத்துவிட்டார்கள். யாரோ என்று சொல்லும்போது கை தன்னையறியாமல் அடுத்த வீடு இருக்கிற திசையைக் காட்டியது.

பேட்டரி அவர் பேட்டரிதான். நாள் தவறாமல் சைரன் கத்தினால் அது பாவம் என்ன செய்யும்? வெடியைச் சொன்னேன், சென்சாரைச் சொன்னேன், வண்டி தன் சத்தத்துக்கே பயப்படுகிற கதையையும் சொன்னேன். எல்லாவற்றையும் கணக்குப் பிரிவுக்காரர் கேட்கிற மாதிரியே கேட்டார். முடிவில், “நான் ஒரு நாள் கூட கேட்டதில்லையே பாய்” என்றார்.

திருகைக் குறைத்துவிடட்டுமா என்று கேட்டேன். குறைத்தால் பூனைக்குக் கத்துமா என்றார். கத்தாது, வெடிக்கு அசையாத அளவுக்குக் குறைத்தால் திருடன் தட்டினாலும் அசையாது என்று உள்ளதைச் சொன்னேன். அப்படியானால் குறைக்காதே என்றார். சரி சார், வாரநாளில் மட்டும் ரிமோட்டை விட்டுவிட்டுச் சாவியால் பூட்டுங்கள், சாவியால் பூட்டினால் கதவு நான்கும் பூட்டும், சைரன் மட்டும் விழித்துக்கொள்ளாது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், ரிமோட் விற்கிற கடையில் நின்றுகொண்டு சாவியை சிபாரிசு செய்கிற ஆளை அதுவரை அவர் கண்டதில்லை என்பது தெரிந்தது. சாவியைத் திருகுவதற்கா இவ்வளவு செலவு செய்தேன் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அவர் முதுகைக் காட்டி நின்றிருந்த ஒரு நிமிஷத்தில், சொல்லாமலே திருகைக் குறைத்துவிடலாமா என்று என் கை போனது. போய்த் திரும்பிவிட்டது. அவர் ஞாயிறுதோறும் தட்டிப் பார்க்கிற ஆள். கத்தவில்லை என்றால் வேறு கடைக்குப் போய் மறுபடி ஏற்றிக்கொள்வார், அந்தக் கடைக்காரன் லூர்துசாமி அண்ணனைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான். அப்போதுதான் பலாப்பழ லாரி ஞாபகம் வந்தது. பழுது காரில் இல்லை. கார் சொன்னபடி வேலை செய்கிறது. கத்துகிற நேரத்தில் கேட்கிற காது அங்கே இல்லை, அதுதான் பழுது.

பேட்டரி எங்கே இறங்குகிறது என்பதை வண்டி நிற்கிற இடத்தில், பூட்டியது பூட்டியபடி, பகலில் வைத்துத்தான் சோதிக்க முடியும், நீங்களும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றேன். சார் யோசித்தார். லீவு போடாதவர் என்று ஆபீஸில் அவருக்கு ஒரு பெயர், அதைக் கெடுத்துக்கொள்ள மனம் இல்லை. பேட்டரி என்பதால் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட ஒத்துக்கொண்டார். அடுத்த வீட்டுக்காரரின் தூக்கத்துக்காக என்று சொல்லியிருந்தால் வந்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது.

சொன்ன நாளில் நான் போனபோது சார் காருக்குப் பக்கத்தில் காவலுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அடுத்த வீட்டு ஜன்னலில் உள்பக்கமாகக் கருப்புப் போர்வை தொங்கியது. வெளிச்சம் வராமல் இருக்க. நாங்கள் காத்திருந்தோம். வெடி நேரம் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் காத்திருந்தோம். தரையும் அதிரவில்லை, கண்ணாடியும் சிணுங்கவில்லை. என் ஆயுளில் அந்த வெடி வரவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

சார் வாட்சைப் பார்த்தார். “என்ன பாய், வண்டி கத்தலையே” என்றார். ஜெயித்தவர் குரல். நான் குனிந்து வண்டிக்கு அடியில் ஒயரைப் பார்ப்பது போல நடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. லூர்துசாமி அண்ணன் லுங்கியோடு வெளியே வந்தார். எங்களைக் கவனிக்கவில்லை. வேலியோரம் வந்து நின்று காரையே பார்த்தார். சார் என் முழங்கையைத் தொட்டார், பார்த்துக்கொள் என்று அர்த்தம். பிறகுதான் அண்ணன் எங்களைப் பார்த்தார். வணக்கம் சார் என்றார். அதற்கு அடுத்து அவர் கேட்டதை நான் இன்னும் மறக்கவில்லை.

“ஏன் சார் இன்னிக்கிக் கத்தல?”

சாருக்கு விளங்கவில்லை. கத்தாவிட்டால் உங்களுக்கு நல்லதுதானே, போய்த் தூங்கவேண்டியதுதானே என்றார்.

“கத்தி முடிச்சாத்தான் சார் மறுபடி படுக்க முடியும். கத்தலன்னா, இப்பக் கத்துமோ, எப்பக் கத்துமோன்னு முழிச்சிகினே கெடக்கறேன்.”

குறை சொல்லுகிற தொனியே இல்லை. பஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பது போலத்தான் கேட்டார். சார் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். என்ன சொல்ல வாயெடுத்தாரோ, அதற்குள் தரை அதிர்ந்தது. அன்றைக்கு ஏதோ காரணத்தால் வெடி தாமதம், அவ்வளவுதான். எதிர் வீட்டுக் கண்ணாடி சிணுங்கியது, வெள்ளைக் கார் உறைக்குள்ளிருந்து அலற ஆரம்பித்தது.

கடையில் கேட்ட சத்தம் வேறு, இது வேறு. தகரக் கொட்டகைக்குள் கட்டிவைத்த சத்தம். நானே காதைப் பொத்திக்கொண்டேன். சார் சட்டைப்பையைத் தடவினார், கால்சட்டைப்பையைத் தடவினார். வீட்டுச் சாவி, கார் சாவி, ரிமோட் எல்லாம் ஒரே வளையத்தில். வண்டியைத் திறக்கப்போவதில்லை, ஒரு மணி நேரத்தில் திரும்பப்போகிறோமே என்று அதைப் பத்திரமாக ஆபீஸ் மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தார். கையில் இருந்தது டிராயர் சாவி.

பாய், எதையாவது பிடுங்கிவிடுங்கள் என்று சைகை காட்டினார். பானெட்டைத் திறக்கும் பிடி காருக்குள்ளே இருக்கிறது, கார் பூட்டியிருக்கிறது, நன்றாகவே பூட்டியிருக்கிறது, அந்தப் பூட்டை மாட்டியவன் நான். தொழில் தெரிந்த ஒருவனும் சொந்தக்காரர் ஒருவரும் அந்த வண்டிக்கு எதிரே ஒன்றும் செய்ய முடியாமல் நின்றோம்.

நின்றது. சார் பெருமூச்சு விட்டார். மறுபடி அலறியது.

அக்கம்பக்கத்தில் ஒருவரும் பதறி ஓடி வரவில்லை. அதுதான் சாரை அதிகம் பாதித்திருக்க வேண்டும். எதிர் வீட்டு அம்மா வெளியே எட்டிப் பார்த்து, உள்ளே யாரிடமோ, “சபாபதி சங்கு ஊதிடுச்சு, அரிசியக் கள” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார். சபாபதி சாரே எதிரே நிற்பதைக் கண்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒரு பிளாக்கே தன் பெயரில் மணி பார்த்துக்கொண்டிருக்கிறது, அது தனக்கு மட்டும் தெரியாது என்பதை அந்த மனிதர் அப்போதுதான் தெரிந்துகொண்டார்.

லூர்துசாமி அண்ணன் வீட்டுக்குள் போய் ஒரு மெத்தை விரிப்பும் தலையணையும் எடுத்து வந்தார். வேலியில் ஒரு இடைவெளி இருந்தது, அதன் வழியாக வந்தார். விரிப்பை நாலாக மடித்து, உறைக்கு மேலேயே, பானெட்டில் இடது பக்க மூலையில் வைத்தார். உள்ளே சைரன் இருக்கிற மூலை. அதன்மேல் தலையணையை வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றார். சத்தம் பாதியாகக் குறைந்தது. சார் முகம் போன போக்கைப் பார்த்து, “பெயிண்ட்டுல படாதுங்க, உற மேலதான் வெக்கறேன்” என்றார். அவருக்கு எந்த மூலை என்று தெரிந்திருந்தது, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது. நாள் தவறாமல் செய்திருக்கிறார். அந்தத் தலையணையில் தலை வைத்துத் தூங்கவேண்டிய மனிதர் அதைக் கார்மேல் வைத்து, அழுகிற பிள்ளையைத் தட்டுவது போலத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக அது அடங்கியது. தலையணை அழுத்தியதில் தகரத்தின் அதிர்வு குறைந்துதான் அடங்கியிருக்க வேண்டும். அந்த அமைதியில் சார், “டெய்லி இப்படித்தானா?” என்று கேட்டார். அண்ணன் தலையாட்டினார். நைட் ஷிப்ட் வாரத்தில் தான் செய்வதாகவும், மற்ற வாரங்களில் யார் செய்கிறார்கள் என்று தெரியாது என்றும் சொன்னார்.

அப்போது நான் சும்மா இருந்தேன். அது மட்டும்தான் அன்று நான் செய்த நல்ல வேலை. சாவியால் பூட்டுங்கள் என்று மறுபடி சொல்ல நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் அவர் என்னோடு வாதாடியிருப்பார். வாதாட ஆள் கிடைக்காததால் லூர்துசாமி அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நெய்வேலியில் பால் வாங்க வருகிற பிள்ளைகூடக் கேட்கிற கேள்வியை, ஒரே சுவரில் இத்தனை வருஷம் குடியிருந்துவிட்டு, முதல் தடவையாகக் கேட்டார்.

“அடுத்த வாரம் உங்களுக்கு என்ன ஷிப்ட்?”

செகண்ட் ஷிப்ட் சார் என்றார் அண்ணன். அதற்கடுத்த வாரம் என்று கேட்டார். அதையும் சொன்னார். சார் மனதில் குறித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, கார் கதவில் சாவி போடுகிற ஓட்டைக்கு எண்ணெய் விடவேண்டுமா என்று கேட்டார். விட்டால் நல்லது சார் என்றேன்.

இதில் பாடம் என்று எதையாவது எதிர்பார்த்து இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான் சொன்ன யோசனைதான் கடைசியில் நடந்தது, ஆனால் நான் சொன்னதால் நடக்கவில்லை. கடையில் நின்று நூறு தடவை சரியாகச் சொல்லலாம். வாடிக்கையாளர் அதைக் கேட்கிற இடத்துக்கு அவரைக் கொண்டுபோய் நிறுத்தாத வரைக்கும் அது நம்முடைய சாமர்த்தியம், அவ்வளவுதான். அவரை யாருக்கும் முன்னால் தலைகுனிய வைக்காமல் கொண்டுபோய் நிறுத்துவது இன்னும் கஷ்டம். அந்த அம்மாவின் ‘சபாபதி சங்கு’ என் திட்டத்தில் இல்லை, அதற்கு நான் பொறுப்பும் இல்லை.

லூர்துசாமி அண்ணனை மெஷினிலிருந்து யாரும் இறக்கவில்லை. கடைசிவரை அதே மெஷினில் இருந்து ரிட்டையர் ஆனார். கேபினில் மறுபடி தலை சாயவில்லை என்று ஒரு தடவை கடைக்கு வந்தபோது சொன்னார். கண் வெள்ளையாக இருந்ததால் முதலில் எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை.

சபாபதி சார் சில மாதம் கழித்து பிரேக் லைட் பல்பு மாற்ற வந்தார். ரிமோட் எப்படி இருக்கிறது சார் என்று சும்மா கேட்டு வைத்தேன். அவர் பிடித்துக்கொண்டார். முதலில் லூர்துசாமியின் நைட் ஷிப்ட் வாரத்தில் மட்டும்தான் சாவியால் பூட்டினாராம். ஞாயிற்றுக்கிழமை வேலியோரம் நின்று ஷிப்ட் கேட்பதைப் பார்த்து எதிர் வீட்டுக்காரர் வந்து, சார், வர்ற வாரம் எனக்கு நைட் என்றிருக்கிறார். அதற்கடுத்த வாரம் பின் வீட்டுக்காரர். பிறகு ஒரு நர்ஸம்மா. ஒருவருக்கு முடிந்தால் இன்னொருவருக்கு ஆரம்பிக்கிறது, நடுவில் ஒரு வாரம்கூட மிஞ்சுவதில்லை. அவ்வளவு ஆசையாக வாங்கிய ரிமோட் பீரோவில் தூங்குகிறது.

பெரிய மோசடி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட கோபத்தோடுதான் அவர் அதைச் சொன்னார்.

“பாய், இந்த ஊர்ல எந்த நேரம் பார்த்தாலும் யாராவது ஒருத்தர் தூங்கிக்கிட்டே இருக்காங்க. இத்தனை வருஷம் இருந்திருக்கேன், ஒருத்தர்கூட எனக்குச் சொல்லல.”